முப்பத்திரண்டு பல், ஏழு பவுன்!

"ஐயோ... என் செயின்...!"

தென்காசி வேல்விழி பல் மருத்துவமனைக்கு அலறல் புதிதல்ல. ஆனால் அலறியவள் வாயில் ஊசியும் இல்லை, குறடும் இல்லை.

எக்ஸ்ரே அறையிலிருந்து ஓடி வந்தாள் ஜெயசித்ரா. வயது இருபத்தாறு. கல்யாணமாகி நாலு மாதம். ராணுவத்தில் இருக்கும் கணவன் வெள்ளிக்கிழமை லீவில் வருகிறான். அவன் வருவதற்குள் சிரிப்பை அழகாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவள்.

அரை மணி நேரம் முன்புதான் டாக்டர் வேல்விழி கடை விரித்திருந்தாள்.

"வெறும் மஞ்சக் கறைன்னா ப்ளீச்சிங் போதும். முன்பல் சந்த மறைக்கணும்னா பல் நெறத்துலயே பசை வச்சு அடைக்கலாம், அது பாண்டிங். மொத்தமா மாத்தணும்னா வெனீர். பல்லு மேல மெல்லிசா ஒரு ஓடு ஒட்டுவோம். ஆனா பல்லக் கொஞ்சம் தேய்க்கணும். தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வளராது."

"க்ளிப்பு, டாக்டர்?"

"ஒரு வருஷம் ஆவும். உங்க வீட்டுக்காரர் அடுத்த லீவுக்குத்தான் சிரிக்க முடியும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எது முடியும்?"

"முதல்ல எக்ஸ்ரே பாப்போம். நகையெல்லாம் கழட்டிக் குடுத்துருங்க. கெடந்தா படம் கெட்டுரும்."

கழற்றிக் கொடுத்தாள். வாங்கித் தட்டில் வைத்தவள் உதவியாளர் முப்பிடாதி.

இப்போது தட்டில் இரண்டு கம்மல். ஒரு மூக்குத்தி. அவ்வளவுதான்!

"செயினும் சேத்துத்தான குடுத்தேன்... மாமியாரு போட்ட ஏழு பவுனு..."

"நீங்க செயினே தரலியேம்மா" என்றாள் முப்பிடாதி.

காத்திருந்தவர்களில் ஒரு வீங்கிய கன்னம், யாரும் கேட்காமலே போலீசுக்குப் போன் போட்டுவிட்டது.

"போலீஸ் எதுக்கு..." என்று முனகினாள் ஜெயசித்ரா. அது யார் காதிலும் விழவில்லை.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் செல்லச்சாமி இறங்கினார். கூட வந்த பெண் போலீஸ் மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். முப்பிடாதியின் பையைக் கொட்டினாள். டிபன் பாக்ஸ் உருண்டது. எலுமிச்சம்பழச் சோறு. செயின் இல்லை.

"எங்கம்மா வச்சிருக்க?" என்றார் செல்லச்சாமி.

"பதினோரு வருஷமா இங்கன வேல பாக்கேன் சார். வாறவங்க தங்கப் பல்லயே கழட்டி என் கையில குடுத்துட்டு அசந்து தூங்குவாங்க. ஒரு குண்டுமணி தொலைஞ்சதில்ல."

"மிச்சத்த ஸ்டேஷன்ல வந்து சொல்லு. ஏறு."

முப்பிடாதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... எம்மவளுக்குப் போலீஸ் வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம வீட்டுக்கு விசாரிக்க வருதாங்க. தாய்க்காரி மேல திருட்டுக் கேசுன்னா, அந்தப் பிள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

வேல்விழி குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். நகை கழட்டுததுக்கு முன்னாலயே, பல்லப் பாக்க இவங்க கழுத்துல ஏப்ரன் கட்டுனது நான். செயின் கெடந்தா கையில தட்டியிருக்கும். தட்டல."

"உங்க ஆளுக்கு நீங்க பேசாம வேற யாரு பேசுவா டாக்டர்? ஆதாரம் இருந்தா காட்டுங்க."



"இருக்கு" என்றாள் வேல்விழி.

மேஜை மேலிருந்த செல்போனை எடுத்தாள்.

"பல்ல அழகு பண்ண வாறவங்கள, வந்ததும் ஒரு போட்டோ எடுத்துருவோம். வைத்தியத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சு, பின்னால எப்படி ஆச்சுன்னு காட்டணும்லா. இவங்களயும் எடுத்தேன். கம்மல் கழட்டுததுக்கு முன்னால. ஷாலக்கூட எடுக்கச் சொல்லித்தான் எடுத்தேன்."

திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஜெயசித்ரா... போன சார் கையில குடுக்கட்டுமா? இல்ல, நீங்களே சொல்லுதீங்களா?"

ஜெயசித்ராவின் கை, தன் வெறும் கழுத்துக்குப் போனது.

அவ்வளவுதான். உடைந்துவிட்டாள்!

"நேத்து ஐந்தருவியில குளிக்கையில செயின் போயிட்டு டாக்டர்... தண்ணி அடிச்ச அடியில எப்ப அறுந்துச்சுன்னே தெரியல. அத்தைட்ட சொல்லப் பயம். எக்ஸ்ரேன்னா நகையக் கழட்டச் சொல்லுவாங்கன்னு வீடியோவுல பாத்தேன். இங்கன தொலைஞ்சதாச் சொன்னா ஏச்சு கொறையும்னு நெனச்சேன். போலீஸ் வரும்னு நெனைக்கல."

"உனக்கு ஏச்சு கொறைய, எம்மவ வேலயப் பறிக்கப் பாத்தியே தாயி" என்றாள் முப்பிடாதி. கோபத்தில் சொன்னாளா, நிம்மதியில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை.

"சார்... எம் பேர்ல எதுவும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"பேனா மூடியவே தொறக்கல. போய் மொகத்தக் கழுவு" என்ற செல்லச்சாமி கையை நீட்டினார். "அந்தப் போட்டோவக் காட்டுங்க டாக்டர்."

வேல்விழி கொடுத்தாள்.

திரை நிறைய... பல்! மேல் வரிசை, கீழ் வரிசை, உதட்டை விலக்கிப் பிடித்த பிளாஸ்டிக் வளையம். மூக்குகூட இல்லை.

"கழுத்து எங்க?"

"பல் டாக்டர் எதுக்கு சார் கழுத்தப் படம் எடுக்கா?"

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கும்போதே, வாசலில் ஓர் ஆட்டோ சீறி நின்றது. இறங்கி வந்தவள் வள்ளித்தாய். ஜெயசித்ராவின் மாமியார். போலீசை அழைத்த வீங்கிய கன்னத்துக்குச் சொந்த ஊர் குத்துக்கல்வலசை. வள்ளித்தாய்க்கு நாலு வீடு தள்ளி. அது அங்கேயும் ஒரு போன் போட்டிருந்தது!

வந்தவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே பளபளவென்று... ஏழு பவுன்!

"ஏட்டி, இதுதான தொலைஞ்சுது?"

"அத்தை... இது எப்படி..."

"ஈரத்துணிய அலசுனது யாரு, நீயா? உன் சுடிதாருக்குள்ள சிக்கிக் கெடந்துச்சு. எப்ப நீயா வாயத் தொறந்து சொல்லுதன்னு நேத்துலருந்து பாக்கேன். தொறந்தியா?"

"அவங்க வாயத் தொறக்க வச்சது இந்த டாக்டர்தான் ஆச்சி" என்ற செல்லச்சாமி, தொப்பியை மாட்டிக்கொண்டு வேல்விழியிடம் திரும்பினார்.

"எத்தன கேட்டாலும் வாயத் தொறக்காத பயலுவ ஸ்டேஷன்ல நாலு பேரு கெடக்கானுவ... நாளைக்கு அப்பாயின்மென்ட் கெடைக்குமா டாக்டர்?"