தலைகீழாக நின்ற கடல்

வைஜெயந்தியின் அப்பா பலராமன் மரக்காணம் உப்பளத்தில் மதகைப் பார்த்துக்கொள்பவர். கடல் தண்ணீர் ஏறும்போது பலகையைத் தூக்கி வாய்க்காலுக்குள் விடுவார். போதும் என்றால் இறக்கிவிடுவார். அவர்கள் குடும்பத்தில் யாரும் அந்த வேலையை அரைகுறையாகச் செய்ததில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் வைஜெயந்திக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வானூரில் சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. அதற்காக அமுதவல்லி மிஸ் பள்ளிக் கணினியில் ஒரு நிரல் வைத்திருந்தார். டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஓர் எண்ணாக எழுதிக் கொடுத்தால், நிரல் அவற்றைப் புள்ளிகளாக வைத்து, இணைத்து, அலையாக்கிவிடும். பெரிய எண் மேடு. சின்ன எண் பள்ளம். அந்த அலையை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஸ்பீக்கரில் ஓசையும் வரும்.

மற்ற பிள்ளைகள் மனம்போல எண்களை எழுதினார்கள். ஒருவன் தன் கிரிக்கெட் ரன்களை எழுதினான். அது கழுதை தும்முவதுபோல் ஒலித்தது.

வைஜெயந்தி கடலையே எழுதினாள். அப்பா இரவும் பகலும் மணிக்கொரு தடவை மதகருகே தண்ணீரை அளந்து, போனில் எண்ணை அனுப்பினார். மூன்று நாள் எண்களையும் அவள் ஒன்றுவிடாமல் டெக்ஸ்ட் ஃபைலில் ஏற்றினாள். திரையில் அழகான அலை எழுந்தது. ஸ்பீக்கர் "ம்ம்ம்" என்று முனகியது.

மிஸ் அட்டையில் பெரிதாக எழுதினார்: 'அளவெடுத்தவர்: பலராமன், உப்பளம், மரக்காணம்.'

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மிஸ், இது தப்பு மிஸ்."

சித்தார்த்தன். கடலோரக் குப்பத்துப் பையன். அவன் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர்.

"திங்கக்கெழம காலைல எங்கப்பாவோட மீன்பிடி போட்டு முகத்துவாரத்துல தரை தட்டிடுச்சி. தண்ணியே இல்ல. இந்தப் படத்துல அந்த நேரம் மலை மாதிரி நிக்குது பாருங்க."

வகுப்பு சிரித்தது. "அவங்க வீட்ல கடலு தலைகீழா நிக்குதுடா," என்றான் ஒருவன்.

மிஸ் யோசித்தார். "எண்ணு தப்புன்னா வைக்க முடியாதும்மா. நிரலோட வந்த சாம்பிள் ஃபைல் ஒண்ணு இருக்குது, அதப் போட்டுக்கலாம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு." அவர் கை அந்த அட்டையை மெல்லத் திருப்பி வைத்தது.

வைஜெயந்தியின் காது சூடானது. அப்பா கண்காட்சிக்கென்று லீவு சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தும் வைத்துவிட்டார். அங்கே வந்து தன் பெயர் இல்லாத அட்டையைப் பார்ப்பாரா?

பள்ளி விட்டதும் அவள் சித்தார்த்தனை நிறுத்தினாள்.

"போட்டு நெஜமா தட்டிச்சா?"

"நான் ஏன் பொய் சொல்றேன்? நானும்தான் எறங்கித் தள்னேன். முட்டி வரைக்கும் சேறு."

"எங்கப்பாவும் தப்பா அளக்க மாட்டாரு."

"அப்ப யாரு தப்பு?"

"அதத்தான் பாக்கணும். நீயும் வா."

"திட்டுவாரா?"

"வணக்கம் சொன்னா திட்ட மாட்டாரு."

உப்பு மேடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இருவரும் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்து மதகுக்குப் போனார்கள். அளக்கும் நேரம் அது. சித்தார்த்தன் எடுத்த எடுப்பில் பெரிய வணக்கமாகப் போட்டான்.

"யாரும்மா இது, எலெக்சனுக்கு நிக்கிற புள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே பலராமன் கரையின்மேல் குந்தினார். அளவுகோலின் முனையைக் கரை விளிம்பில் வைத்து, கீழே தண்ணீர் வரைக்கும் விட்டார். எண்ணைப் படித்தார்.

வைஜெயந்தி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"ஏம்பா, தண்ணியோட ஆழத்த நீங்க அளக்கலியா?"

"ஆழம் நமக்கு எதுக்கும்மா? கரைக்கும் தண்ணிக்கும் எவ்ளோ எடம் இருக்குது, அதான் கணக்கு. கரை தாண்டினா பாத்தி பூரா உப்பு கரைஞ்சிடும். உப்பளத்துக்காரன் மேல இருந்துதான் அளப்பான்."

சித்தார்த்தன் தலையைச் சொறிந்தான். "நாங்க தரையில இருந்து பாப்போம். தரை தட்டக் கூடாதுல்ல."

வைஜெயந்தியின் முகம் மலர்ந்தது. "தண்ணி ஏறினா எடம் கொறையும். அப்பாவோட எண்ணும் கொறையும். நிரலு அதப் பள்ளம்னு நெனச்சிக்கிச்சி."

"அட, ஆமா. அப்ப எல்லா எண்ணையும் மாத்தி அடிக்கலாம். நான் படிக்கிறேன், நீ அடி."

"வேணாம். அப்பா எடுத்த அளவு சரிதான். அதுல ஒரு எண்ணக்கூடத் தொட மாட்டேன்."

மறுநாள் அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். நிரலில் 'பெருக்கு' என்றொரு கட்டம் இருந்தது. எல்லா எண்களையும் எதனால் பெருக்க வேண்டும் என்பதை அதில் எழுதலாம். இதுவரை அதில் 1 இருந்தது. வைஜெயந்தி அதற்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டாள்.

மேடெல்லாம் பள்ளமானது. பள்ளமெல்லாம் மேடானது. திரையில் திங்கட்கிழமை காலைக் கடல் அடங்கி ஒடுங்கிக் கிடந்தது.

"இதான். இதான் எங்க கடலு," என்றான் சித்தார்த்தன்.

ஸ்பீக்கரைப் போட்டார்கள். அதே "ம்ம்ம்".

"சத்தம் மாறவே இல்லியே. பேசாம அப்பிடியே விட்ருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே," என்றாள் வைஜெயந்தி.

மிஸ் முழுவதையும் கேட்டார். சிரித்துக்கொண்டே அட்டையை நிமிர்த்தி வைத்தார். வைஜெயந்தி பேனாவை வாங்கி, அப்பாவின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'சரி பார்த்தவர்: சித்தார்த்தன்.' அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே ஒரு காகத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றான்.

சனிக்கிழமை பலராமன் வெள்ளைச் சட்டையில் வந்தார். அட்டையை ஒரு முறை படித்தார். கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு முறை படித்தார்.

அப்போது கண்ணாடி போட்ட ஓர் அம்மா திரையருகே குனிந்தார். "இங்க எதுக்கு மைனஸ்?"

வைஜெயந்தி வாயைத் திறப்பதற்குள் பலராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்துங்க, உப்பளத்துல நாங்க கரையில நின்னு கீழ பாத்து அளக்கிறவங்க..."

அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே கேட்டது. பலராமன் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

பிள்ளைகள் இருவருக்கும் அங்கே பேச ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை. அவர்கள் வெளியே போய் ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கி, நிதானமாகத் தின்றுவிட்டு வந்தார்கள். அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.