அக்காவின் குரலில்

"செத்துப்போன என் சம்சாரம் பேசுறா, சார். அது அவதானான்னு பார்த்துச் சொல்லணும்."

குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோலத்தான் அதைச் சொன்னார் வந்தவர். லிஃப்ட் மெக்கானிக். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீயைக் கையில் பிடித்திருந்தாரே தவிரக் குடிக்கவில்லை.

எதிரே இருந்தவரை எல்லோரும் சர்வேயர் என்றே அழைப்பார்கள். தீ விபத்துகளை ஆராயும் இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தேடி வருபவர்களுக்காகத் துப்பறிகிறவர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. வாரப் பத்திரிகைகளில் பேய் வரும் மர்மக்கதைகள் எழுதுகிறவர். 'பேசுறா' என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுத்தாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் நடந்ததைச் சொன்னார். அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதும் அவர்தான். விபத்து நடந்த அன்று காலை அதைச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இரவுப் பணியின் அசதியில் தூங்கிவிட்டார். மத்தியானம் மின்சாரம் போயிருந்த நேரத்தில் அவர் மனைவி தங்கள் மாடியின் லிஃப்ட் கதவைத் திறந்து, கூண்டு இல்லாத குழிக்குள் விழுந்து இறந்தாள்.

"கூண்டு வந்து நிக்காம அந்தக் கதவு திறக்காது சார். நான் பூட்டாம விட்டிருந்தாத்தான் திறக்கும். வெளியிலேருந்து திறக்க ஒரு முக்கோணச் சாவி உண்டு. அத எப்பவும் பையோட உள்ளறையில போட்டு ஜிப்ப மூடிடுவேன். அப்புறம் பார்த்தா வெளியறையில கெடக்கு. அந்த அளவுக்கு நெனப்பில்லாம இருந்திருக்கேன்."

"விசாரணை எப்போ?"

"நாளைக்கு. ஒத்துக்கப் போறேன். வேலை போகும். உள்ள போட்டாலும் போடுவாங்க." அதில் தனக்கு ஒன்றுமில்லை என்பதுபோலத் தோளை அசைத்தார்.

"பேசுறாங்கன்னீங்களே?"

"கொழுந்தியா எங்களோடதான் இருக்கா. அக்கா போனதுலேருந்து, சாயங்காலமானா அவ நாற்காலியில போய் உக்காந்துக்குவா. தலை தொங்கிடும். அப்புறம் அக்கா குரல் வரும். 'என்னங்க, உங்க மேல தப்பில்ல. நாங்க திறக்கப் போனப்ப கதவு பூட்டித்தான் இருந்துச்சு'ன்னு சொல்லும். தினமும் அதேதான்."

"அவங்க சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க. அப்படியே."

மெக்கானிக் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, "வந்து சொல்றது அவதான்னா நாளைக்கு வாயத் திறக்க மாட்டேன். என்னைத் தேத்தறதுக்காக இந்தப் பொண்ணு சொல்லுதுன்னா ஒத்துக்குவேன். எதுன்னு தெரிஞ்சா போதும்," என்று எழுந்தார்.

அவர் தலை மறைந்ததும் எழுத்தாளர் துள்ளினார். "அத்தான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு! அச்சு அசலா அக்கா குரல்!"

"கூடவே வளர்ந்த தங்கச்சிக்கு அக்கா குரல் வராதா மாப்ளே? போன்ல உங்கம்மாவ உங்கக்கான்னு நெனச்சுப் பேசி நான் வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா?"

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?"

"இல்ல. பேய் சொல்றது நிஜம்னுதான் தோணுது," என்றார் சர்வேயர். "உன் கதையில பேய் வந்தா அது சொல்றது வேதவாக்கு. எனக்கு அதுவும் ஒரு சாட்சி. நாலு கேள்வி கேக்கணும்."

அன்று சாயங்காலம் இருவரும் படியேறிப் போனார்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே சங்கிலி தொங்கியது. சமையலறையில் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் தங்கை ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். இளம் பெண், ஒரு பல் மருத்துவரிடம் வேலை. மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றார். சிறிது நேரத்தில் அவள் தலை சரிந்தது.

"என்னங்க," என்றது ஒரு கனத்த குரல். எழுத்தாளர் சர்வேயரின் முழங்கையைப் பற்றிக்கொண்டார். "உங்க மேல தப்பில்ல..."

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார் சர்வேயர். "கரண்ட் இல்லாத நேரத்துல லிஃப்டுக்கு ஏன் போனீங்க?"

குரல் நின்றது. அவள் கண்கள் மூடியபடியே இருந்தன. சர்வேயர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"கரண்ட் இல்லாம லிஃப்ட் ஓடாதுன்னு உங்க சம்சாரத்துக்குத் தெரியாதா? ஏறிப் போறதுக்காக அவங்க திறக்கல. கூண்டு அசையாது, இதுதான் நல்ல நேரம்னு உள்ள எதையோ பார்க்கத் திறந்திருக்காங்க. நீங்க பூட்டின கதவ, உங்க சாவியாலயே. திறந்தவங்க விழுந்துட்டா சாவி எங்க இருக்கணும்? கதவுல, இல்லேன்னா குழியில. ஆனா பைக்கே திரும்பி வந்திருக்கு, அறை மட்டும் மாறி."

"வேற யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க!" என்றார் எழுத்தாளர்.

"அதையும் குரலே சொல்லிடுச்சு மாப்ளே. தனியாப் போனவங்க 'நான்'ம்பாங்க. புருஷனையும் சேத்துக்கிட்டா 'நாம'ம்பாங்க. இது 'நாங்க'ன்னு சொல்லுது. கேக்குற இவர விட்டுட்டு இன்னொருத்தர் கூட இருந்திருக்காங்க."

தங்கை கண்ணைத் திறந்தாள். பேசியபோது குரல் மெலிந்து, அவளுடையதாக இருந்தது.

"அக்காவோட கம்மல் மாமா. ஆசையாப் போட்டுப் பார்த்தேன். நடையில கழண்டு உருண்டு, கதவு இடுக்குல விழுந்துடுச்சு. அக்காதான் சாவி எடுத்துட்டு வந்தா. என்னை டார்ச் பிடிக்கச் சொன்னா. எட்டிப் பார்த்தா..." நிறுத்திக்கொண்டாள். "ஓடி வந்து சாவிய போட்டுட்டுப் படுத்துட்டேன். உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல முடியல. அவ குரல்ல மட்டும்தான் வந்துச்சு."

மெக்கானிக் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் பூட்டித்தான் இருக்கேன்," என்றார். குரலில் நிம்மதியோ கோபமோ இல்லை.

மறுநாள் விசாரணையில் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். விபத்து என்று முடிவாயிற்று. மெக்கானிக் வேலைக்குத் திரும்பினார். அவரும் தங்கையும் அந்த வீட்டில் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள். பிறகு அவள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டாள். பெட்டி தூக்க எழுத்தாளர் போயிருந்தார். அவர் படியில் பெட்டியோடு நிற்கும்போது வாசலில் அவர்கள் பேசுவது கேட்டது.

"ஒரு தடவ பேசிட்டுப் போம்மா. அவள மாதிரி."

"அது நான்தான் மாமா."

"தெரியும். பரவால்ல."

அவள் கண்ணை மூடினாள். வெகுநேரம் கழித்து, "என்னங்க," என்றாள். வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான். இன்னொரு முறை முயன்றாள். அப்போதும் அதுவே வந்தது.

மெக்கானிக் தலையசைத்தார். எழுத்தாளர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கப் படியிறங்கினார்.