உருண்டையில்லாத கேப்ஸ்யூல்

"ஐயோ... அப்பா..!"

மாடியிலிருந்து மனைவியின் அலறல் கேட்டபோது மாப்பிள்ளை பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நிதானமாக வாய் கொப்பளித்தான். கண்ணாடியைப் பார்த்து முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு படியேறினான்.

குளியலறைத் தரையில் மாமனார். கடைவாயில் சிவப்பு. அசைவில்லை.

முப்பது நாள் உழைப்பு... வீண்போகவில்லை!

மாமனாருக்குப் பத்து வருட அல்சர். அமிலச் சுரப்பை அடக்க, தினமும் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒரு கேப்ஸ்யூல். மாப்பிள்ளையோ வலி மாத்திரைக் கம்பெனிப் பிரதிநிதி. கேப்ஸ்யூல்களைப் பிரித்து, உள்ளிருந்ததைக் கொட்டிவிட்டு, தன் சரக்கைப் பொடித்து அடைத்திருந்தான். வலி மாத்திரை வயிற்றை அரிக்கும், புண் வெடிக்கும், வீடு கைக்கு வரும். அவன் மூளைக்கு அதுவே பெரிய திட்டம்!

ஐந்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். யார் கூப்பிட்டது என்று அந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை.

அல்சர் வெடித்திருக்கும் என்று மூக்கை உறிஞ்சினான்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"தினம் என் கையாலதான் சார் குடுப்பேன். பாட்டிலே என் பீரோவுலதான் இருக்கு, பூட்டி."

"வேற யாரும் தொட மாட்டாங்க?"

"என் பொண்டாட்டியைக்கூட தொடவிட்டதில்ல சார்."

பாட்டிலைப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினான். இன்ஸ்பெக்டர் ஒரு கேப்ஸ்யூலைத் திருகினார். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி.

"நானும் இதே மருந்துதான் சாப்பிடறேன். உள்ள கடுகு மாதிரி உருண்டையா இருக்கும். இது என்ன மாவு?"

கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று மாப்பிள்ளை முனகினான்.

"அமிலத்தை அடக்கற மருந்துக்கே அமிலம் ஆகாது, மாப்பிள்ளை. அதான் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கோட்டு போட்டு அனுப்பறான்."

குரல் தரையிலிருந்து வந்தது.

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

மாமனார் கடைவாய்ச் சாயத்தைத் துடைத்தபடி விளக்கினார். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவருக்குக் கேப்ஸ்யூலை முழுசாக விழுங்க மட்டும் வராது. பிரித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கொட்டித்தான் சாப்பிடுவார். முதல் நாளே பொடி கொட்டியது. மறுநாளிலிருந்து தனியாக வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளை கொடுத்ததை டப்பாவில் சேர்த்தார்.

"சாட்சிதான் இல்லாம இருந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதையும் நீயே சொல்லிட்ட."

"கையில குடுத்துட்டு ஓடிடுவீங்களே. முழுங்கறேனான்னு ஒரு நாள் நின்னு பார்த்திருக்கலாம்," என்றார் மாமனார்.

மகள் அப்பாவுக்குத் துண்டு கொடுத்தாள். புருஷனின் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"எரியுதா, மாப்பிள்ளை? டப்பாவுல இருபத்தொம்பது இருக்கு. உங்க கையால அடைச்சது... நம்பி முழுங்கலாம்."