வெள்ளை ஓரம்

"என் இத்தனை வருஷ உழைப்பும் இன்னைக்குப் புகையோட போயிடும் சார்!" என்றபடி அந்த ஆராய்ச்சி மாணவி துப்பறிவாளரின் வீட்டுக்குள் வந்தாள்.

பல்கலைக்கழக வாகன ஆய்வகத்தில் அவள் டீசல் என்ஜினுக்குப் புகை வடிகட்டி செய்திருந்தாள். வடிகட்டியைத் தாண்டி வரும் புகையை வட்டமான சோதனைத் தாள் வழியே விடுவார்கள். தாளில் எவ்வளவு கரி படிகிறதோ அவ்வளவு தோல்வி. நேற்று மிக லேசான சாம்பல் நிறத்தில் இருந்த தாள், இன்று காலை தாள்களை எடைபோடும் அறையில் கன்னங்கரேலென்று கிடந்தது. மதியம் குழு கூடி அவள் ஆராய்ச்சியை நிறுத்தப்போகிறது.

துப்பறிவாளர் கிளம்பினார். கூப்பிடாமலே மனைவியின் தம்பியும் ஒட்டிக்கொண்டான். யாரையாவது பிடித்துக் கொடுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

எடை அறைச் சாவி அவளைத் தவிர இருவரிடம் இருந்தது. ஒருவர் ஆய்வக உதவியாளர். மற்றவர் துணைப் பேராசிரியர். அவரும் போட்டிக்கு ஒரு வடிகட்டி செய்துகொண்டிருந்தார்.

"உதவியாளர்தான் அத்தான்! கையெல்லாம் கரி!"

"என்ஜின் பக்கத்துல நிக்கிறவர் கையில பின்னே பவுடரா இருக்கும், மச்சான்?"

துப்பறிவாளர் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் நடுவில்தான் கரி, சுற்றிலும் வெள்ளை ஓரம். இன்று கிடைத்த தாளோ விளிம்புவரை கறுப்பு. மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கியதுபோல் தலையாட்டினான்.

மதியம், குழுவின் முன்னால், புகைக்குழாயில் புதுத் தாளை மாட்டும்படி இருவரையும் கேட்டார். உதவியாளர் தாளை வைத்து, மேலே வளையத்தைப் பொருத்தி இறுக்கினார். துணைப் பேராசிரியர் வளையத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தாளோடு மல்லுக்கட்டினார்.

"இதெல்லாம் பசங்கதான் மாட்டுவாங்க. நான் எடையை மட்டும்தான் பார்ப்பேன்" என்று சிடுசிடுத்தார்.

"அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க. வளையம் அழுத்துற ஓரத்துல கரி படியாது. அந்தக் கறுப்புத் தாள் என்ஜின்ல ஏறவே இல்லை, கையில பிடிச்சுப் புகை காட்டி, மாத்தி வெச்சது. தினமும் தாள் மாட்டுற யாரும் ஓரத்தை மறக்க மாட்டாங்க."

துணைப் பேராசிரியர் தாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மச்சானுக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

"இப்பவே என் வடிகட்டியை மாட்டி ஓட்டிக் காட்டுறேன்" என்றாள் மாணவி. என்ஜின் உறுமி ஓய்ந்தது. குழுத் தலைவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நிஜமாவே புகையை இது வழியா விட்டியா?"

"ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் தெரியுதா பாருங்க சார்."

தெரிவதற்குள் அவர் கண்ணாடியை மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. மச்சான் விசிலடித்தே விட்டான்.