தார்ப்பாய்க் குளம்

வடகரையிலிருந்து வந்த குட்டியானை வண்டி, குற்றாலம் போகும் வழியிலிருந்த விடுதியின் பின்வாசலில் ஆறு பெண்களை இறக்கிவிட்டது. அந்த விடுதியின் கோல்ஃப் மைதானத்தில் கோரைக் களை பிடுங்குகிற கூட்டம் அது.

“இம்புட்டுப் புல்லு கெடக்கு, ஒரு மாட்ட உள்ள விடுதானுவளா பாரேன்,” என்றாள் முத்துவடிவு.

“ஒன்னத்தான் விட்டுருக்கானே, மேயி!” என்றாள் குருவம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

குருவம்மாளுக்கு ஒரே மகள் சத்யபிரியா. கட்டிக்கொடுத்த இடத்தில் சண்டை என்று தாயைத் தேடி வந்தவள், அன்றைக்கு அவளோடு வேலைக்கும் வந்திருந்தாள்.

“குளத்துப் பக்கம் வேண்டாம்மா. ஞானபாக்கியம் அத்தை அங்கனதான...”

“வாய மூடிட்டு வேலயப் பாருட்டி.”

போன ஐப்பசியில் இதே மைதானத்தில் வேலை செய்தபோது திடீரென்று இடிமழை பிடித்தது. மழைக்கு ஒதுங்குகிற கொட்டகைக்குப் போகக் குளக்கரையைத் தாண்ட வேண்டும். எதிரே ஆள் தெரியாத மழை என்பதால் வரிசையாகக் கைகோத்து நடந்தார்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்கக் குளத்தின் அடியிலும் கரைச்சரிவிலும் தார்ப்பாய் விரித்திருந்தது. கடைசியாக வந்த ஞானபாக்கியம் அதில் கால் வைத்து வழுக்கினாள்.

“மைனி, விட்டுராத! விட்டுராத மைனி!”

அவள் கையைப் பிடித்திருந்த குருவம்மாள், தன்னையும் சேர்த்து இழுத்துவிடுவாளோ என்று கையை உதறினாள். தார்ப்பாயில் நகம் பிறாண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அப்புறம் கேட்கவில்லை.

“அவளாத்தான் கைய விட்டுட்டா,” என்று ஊரிடம் சொன்னாள். ஊரும் நம்பியது.

சத்யபிரியா வேலைக்கு வந்திருந்த அன்றும் மூன்று மணிக்கு மலை உச்சி கறுத்தது. காற்று சட்டென்று நின்றது. மண்வாசனையோடு அழுகின பாசி வாடையும் வந்தது. முதல் இடியிலேயே மைதானம் இருண்டுபோனது.

“கையப் பிடிங்கட்டி!” என்று முத்துவடிவு முன்னால் போனாள்.

குருவம்மாள் மகளை முன்னால் விட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக நடந்தாள். கரையில் பாதி தூரம் போயிருப்பார்கள்.

அவளுடைய வெறும் கையை யாரோ பின்னாலிருந்து பற்றினார்கள்.

அவளுக்குப் பின்னால் ஆள் கிடையாது.

அவள் அலற வாய் திறக்கவும் தலைக்கு மேல் இடி விழவும் சரியாக இருந்தது. வரிசை சிதறி எல்லாரும் விழுந்தார்கள். எழுந்தபோது எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியவில்லை. மழைக்குள்ளிருந்து ஒரு கை வந்து வலக்கையைப் பிடித்தது. இன்னொன்று இடக்கையைப் பிடித்தது. இரண்டும் ஈரம், இரண்டும் சில்லென்று இருந்தன.

வலப்பக்கத்துக் கை பதமாக அழுத்தியது. “வா,” என்றது மெல்ல.

இடப்பக்கத்துக் கை இழுத்தது.

“விட்டுராத! விட்டுராத!”

அதே சொல். அதே கதறல்.

“போ சனியனே!” என்று குருவம்மாள் இடக்கையை உதறினாள்.

தார்ப்பாயில் நகம் பிறாண்டியது.

“அம்மா!”

“சத்யா!” குருவம்மாள் திரும்பிப் பாய்ந்தாள். பாய முடியவில்லை. பதமாக அழுத்தியிருந்த கை இப்போது எலும்பு நொறுங்கப் பிடித்திருந்தது. பிறாண்டல் அடங்கும்வரை அவளை அங்கேயே நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகுதான் கொட்டகை வரை இழுத்துக்கொண்டு போனது.

“எக்கா, மக எங்க?” என்றாள் முத்துவடிவு.

குருவம்மாளின் வலக்கை மட்டும் நீண்டே இருந்தது. அதைப் பிடித்திருந்த ஆள் யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை.

மகளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று நல்ல வெயில். குருவம்மாள் அப்போதும் கையை நீட்டியபடியே நடந்தாள்.

“கைய எதுக்குக்கா இப்படி நீட்டிக்கிட்டு வாரீக? மடக்குங்க.”

“நானா நீட்டுதேன்? அவ விட மாட்டேங்காட்டி.”

முத்துவடிவு குனிந்து பார்த்தாள். கொதிக்கிற தார்ரோட்டில், குருவம்மாளுக்கு வலப்பக்கமாக, ஒரு ஜோடி ஈரக் காலடி கூடவே வந்துகொண்டிருந்தது.