துரை பெஞ்சு

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிற்கிறது அந்தக் கருங்கல் வேதக்கோயில். வெள்ளைக்காரத் துரைமார் நூறு வருஷத்துக்கு முன் கட்டியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் கொழும்புக்காரர்கள் வந்து புதுப்பித்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்த கையோடு, மகள் றோசலினின் கலியாணத்துக்கு முந்தின நாள் பவுலின் டீச்சர் உள்ளே நுழைந்தபோது புது வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது.

"பாத்தீங்களா டீச்சர்?" கோயில் செயலாளர் கஸ்பருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "கூர் வளைவு, கலர்க் கண்ணாடி, எல்லாம் அந்தக் காலத்துல இருந்தபடியே வச்சுட்டோம்!"

"அந்தக் காலத்துல எங்க சனம் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்லதானே நின்னுச்சு. அதையும் வச்சுட்டீங்களா?"

கஸ்பர் முன்வரிசையில், சின்னக் கதவு வைத்த தேக்கு பெஞ்சைக் காட்டினார். துரைமார் போன நாளிலிருந்து விறகுக் கொட்டிலில் கிடந்தது அது.

"பெரிய துரை பெஞ்சு. பழைய எடத்துலேயே போட்டாச்சு. நாளைக்கு இதுல மட்டும் யாரும்…"

"நான்தான் உக்காருவேன். பொண்ணைப் பெத்தவ."

"வேணாங்க டீச்சர்." குரல் தாழ்ந்தது. "ஆசாரிமாரே பயந்துட்டாங்க. சுருட்டு நாத்தம் வருதாம்."

"துரை எலும்பே மக்கிப் போச்சு. நீங்க இன்னும் சலாம் போடுறீங்க. தூ!"

மறுநாள் காலை மூடுபனி கோயில் வாசல் வரை ஏறியிருந்தது. பெண்ணின் கார் இன்னும் வரவில்லை. நோர்வூட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரும் டீச்சரின் தோட்டத்து லயவீட்டுச் சனமும் கடைசித் தூணுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லார் கையிலும் செருப்பு.

"ஏன்டி நிக்கிறீங்க?" தங்கை மரியநாயகியை அதட்டினாள் பவுலின்.

"உள்ள எடமில்லையேக்கா," என்று கிசுகிசுத்தாள் அவள். "நெறைஞ்சு கெடக்கே."

பெஞ்சுகள் அத்தனையும் காலி.

பவுலினும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். ஆனால் இன்று இவர்கள் நின்றுவிட்டால், றோசலினும் அவள் பெறப்போகும் பிள்ளைகளும் காலத்துக்கும் இந்தத் தூணோடுதான்.

செருப்பைக் கழற்றாமல் நடந்தாள். சின்னக் கதவைத் தள்ளி, துரை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சுருட்டு நெடி.

ஈரக் கம்பளிக் கோட்டின் வாடை.

பக்கத்தில் பெஞ்சுப் பலகை கனத்து இறங்கியது.

"நீ… வெளியே நிக்கணும்." காதோரம் துரைமாரின் உடைந்த தமிழ்.

அவள் முழங்கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"செத்தும் ஒனக்குப் பெஞ்சு கேக்குதா? தள்ளி உக்காருய்யா!"



பிறகு பெஞ்சு கிறீச்சிட்டது. கனம் மெல்ல அந்தப்பக்கம் நகர்ந்தது.

பின்னால் செருப்புகள் தரையில் விழும் சத்தம். சனம் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தது. றோசலினுக்குத் தாலி ஏறியது. பவுலின் எழுந்தாள்.

முந்தானை வரவில்லை.

பெஞ்சில் யாருமில்லை. ஆனாலும் எதுவோ முந்தானையின்மேல் உட்கார்ந்திருந்தது. வெடுக்கென்று இழுத்தாள். பட்டு கிழிந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலுக்கே கஸ்பர் வெளிறிப்போய் ஓடிவந்தார். "டீச்சர், அந்தச் சேலைத் துண்டை எடுக்கவே முடியலைங்க."

உள்ளே மலைக்காற்றில் பீடத்து விரிப்பு படபடத்தது. பெஞ்சில் கிடந்த துண்டு மட்டும் அசையவில்லை.

"கெடக்கட்டும்," என்றபடி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள் பவுலின். "தள்ளு."

பெஞ்சு கிறீச்சிட்டது.