டிக்கிக்குள் படுத்தவர்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஐந்து நாளாக விளக்குக் கம்பங்களையும் கேபிள் சுருள்களையும் தானே தோளில் சுமந்த இயக்குநருக்கு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வதே ஒரு வேலையாக இருந்தது. வெளியே உச்சி வெயில். ஜன்னலில் போர்வை அடித்து மறைத்த அறைக்குள் கணினியின் சூடும் பழைய வியர்வை நாற்றமும்தான். வெட்டுவது, ஒட்டுவது, ஒலி எல்லாம் அவனே. ஆள் வைக்க வக்கில்லாத கொலைக்கதைப் படம்.

கொலைகாரன் காரின் டிக்கியை அடித்து மூடிவிட்டு நடந்துபோகும் காட்சியில் ஒரு சத்தம். டொக். டொக். காலையில்தான் அதை அழித்தான். மறுபடி ஓடவிட்டால், இருக்கிறது.

மூன்று நாளைக்கு முன், படப்பிடிப்பின் கடைசி நாளில், பிணமாக உள்ளே சுருண்டு படுத்தவர் அவன் தங்கையின் புருஷன். பொம்மை செய்யக் காசில்லை. "செத்தவனுக்குச் சம்பளம் கிடையாது, தெரியும். டீயாவது ரெண்டாக் குடுங்க மச்சான்" என்று சிரித்தபடிதான் படுத்தார். கார் பழைய இரும்புக்கடையுடையது. வெளிச்சம் போவதற்குள் திரும்பி வரவேண்டும், அன்றைக்கே எந்திரத்தில் அமுக்கிவிடுவேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரே டேக். எடுத்ததும் எல்லோரும் விளக்குகளைக் கழற்ற ஓடினார்கள். காரைக் கடையாள் ஓட்டிக்கொண்டு போனான்.

டிக்கியைத் திறந்தது யார்?

கேமராக்காரருக்குப் போன் போட்டான். நீதானே திறந்தாய் என்றார் அவர். மாப்பிள்ளைதான் நம் பின்னாலேயே நின்றாரே, வேனில்கூட ஏறினாரே என்றார். ஏறினார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அலுப்பு என்று இவனும் விட்டுவிட்டான்.

ஹெட்போனை ஒரு காதில் அழுத்தி ஒலியைக் கூட்டினான். காற்று மைக்கில் உரசுவது, தூரத்தில் ஒரு நாய், சூடு தணியும் தகரத்தின் முனகல், அதற்கெல்லாம் அடியில் நகத்தால் சுரண்டும் சத்தம். மூச்சு. பிறகு குரல்.

"மச்சான். போதும். திறங்க."

படத்தை நிறுத்தினான். டிக்கி மூடியிருந்தது. திரையின் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் எட்டாத நிழலில், மாப்பிள்ளை நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் நின்றுவிட்டது. தட்டுவது நிற்கவில்லை.

தங்கையைப் போனில் கூப்பிட்டான். மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை, படுக்கவில்லை, சுவரைப் பார்த்தபடி நிற்கிறார் என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நீ வெளிய வா. இப்பவே. செருப்புகூடப் போடாத."

"எதுக்குண்ணா?" குரல் போனை விட்டு விலகித் திரும்பியது. "இரு, பின்னாலதான் வந்து நிக்கிறாரு. அந்தச் சத்தத்த எடுத்தாச்சான்னு கேக்கச் சொல்றாரு."

அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மூச்சுகூடக் கேட்கவில்லை.

திரையின் ஓரம் காலியாக இருந்தது.

மறு காதில் டொக். வெகு நேரம் கழித்து, டொக். இரும்பை இரும்பு நெரிக்கத் தொடங்கியது. மெதுவாக. அதற்குள்ளிருந்து, "மச்சான்."

ஒரு மூடியைத் திறந்துவிடும் கடன். மாப்பிள்ளைக்கு அவன் அதை இன்னும் தீர்க்கவில்லை.